காப்புக் கையோடு கேட்டில் நின்றவர்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே கேட்டுப் பக்கமாக நடந்தால் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பேட்டை வரும். பஞ்சாயத்துக்காரர்கள் அதற்கு ஒரு தலைவர் பெயரை வைத்துப் பலகை அடித்திருக்கிறார்கள். எங்களுக்கு அது எப்போதும் கேட்டாண்டைதான். "ஊடு எங்க?" என்று கேட்டால் "கேட்டாண்ட" என்போம். தபால்காரருக்கும் அது போதும்.

இப்போது அங்கே ஓட்டு வீடே கிடையாது. எல்லாம் மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்த ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் முன்னால் யார் இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிக்கவே கல்யாணத்துக்கு அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் பட்டறை எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். என்னிடம் லேத் பிடிக்கக் கற்றுக்கொண்டு போனவர்கள் அம்பத்தூரில் சொந்த ஷெட் போட்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை ஸ்கூட்டர் வாங்கி ஓட்டினான் என்றால் அது முதலில் நான்தான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் உழைப்பு அப்படி.

பேட்டை எப்படி வந்தது என்றால், தண்டவாளம் போட வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்களும், சுற்றுப்பட்டுப் பண்ணைகளில் நாற்று நட்டு அறுவடை செய்த குடும்பங்களும் சேர்ந்து உண்டான இடம். எங்கள் அப்பா, அம்மா எல்லோரும் வயல் கூலிதான். நிலம் ஒரு பிடி கிடையாது. தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். அப்பாவை நைனா என்போம். அம்மன் கும்பிடுகிறவர்கள் நிறைய. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கொஞ்சம் பேர். சண்டை என்றால் குழாயடியில் வரும், சாமியால் வந்தது கிடையாது.

அங்கே பெயர் பெற்றவர்கள் என்று எடுத்தால் முதலில் வேதக்கார அம்மாவைச் சொல்ல வேண்டும். பிரசவம் பார்ப்பவர். அறுபதுகளில் பேட்டையில் நடமாடிய பிள்ளைகள் பாதிக்கு மேல் அவர் கையில் விழுந்தவை. நானும் அப்படித்தான். வெளியே வரும்போதே நான் காலை உதைத்துக்கொண்டு வந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் நுழையாத வீடு இல்லை. யார் வீட்டு விஷயத்தையும் இன்னொரு வீட்டில் சொன்னதும் இல்லை. அதனால்தான் எல்லா வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்திருந்தது.

அடுத்து சைக்கிள் கடைக்காரர். பேட்டைக்கு முதல் ரேடியோ கொண்டுவந்தவர். தேர்தல் சமயத்தில் கடை முன்னால் கூட்டம் நிற்கும். அவர் கட்சி தோற்கிற மாதிரி இருந்தால் பட்டென்று அணைத்துவிட்டு, "பேட்டரி தீந்துபோச்சி, ஊட்டுக்குப் போங்க" என்பார். ஜெயிக்கிற மாதிரி இருந்தால் அதே பேட்டரி ராத்திரி வரைக்கும் ஓடும்.

மூன்றாவது ஆள் மேஸ்திரி. இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்குகிற கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. குள்ளம். குரல் மட்டும் ஆறடி இருக்கும். பேட்டைக்கு வாய் என்று ஒன்று இருந்தது என்றால் அது அவருடைய வாய்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்போது உப்புக் கரிக்கும். குழாய் கேட்டு எத்தனையோ பேர் போய்ப் பார்த்தாயிற்று. மேஸ்திரி ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். அதிகாரி மேஜைமேல் டம்ளரை வைத்து ஊற்றினார். "குடிச்சிப் பாருங்க சார். நல்லா இருந்துச்சின்னா நாங்க போய்க்கினே இருக்கோம்" என்றார். அதிகாரி குடிக்கவில்லை. குழாய் வந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு ஏற்ற வாய்.

அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. அது அம்மையில் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஆடி மாதம் எங்கள் அம்மனுக்குப் பத்து நாள் திருவிழா. பூசாரி முதல் நாள் பேட்டையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்து எல்லை கட்டுவார். பிறகு கரகம் எடுக்கிறவர் கையில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டுவார். காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் வெளியே போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். தண்டவாளத்துப் பக்கம் எங்கள் எல்லை ரயில்வே கேட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அம்மன் காவல் இல்லை என்று கணக்கு.

அறுபதுகளில் ஒரு வருஷம் காப்புக் கட்டியிருந்த ஆள், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டைத் தாண்டி ஆரணி வரைக்கும் போய்விட்டு வந்தார். அந்த மாதமே பேட்டையில் பெரியம்மை கண்டது. வரிசையாகக் குழந்தைகள் போயின. மேஸ்திரி மகளும் அதில் ஒன்று. பேட்டையே சேர்ந்து அந்த ஆளைக் குடும்பத்தோடு விரட்டியது. முன்னால் நின்று விரட்டியவர் மேஸ்திரிதான். குழந்தையைப் புதைத்த கை. யார் தடுப்பது? அந்த ஆள் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம், நாங்கள் நாற்று நட்ட வயல்களிலேயே, ஒரு கம்பிக் கம்பெனி வந்தது. நிலத்துக்காரர்களுக்கு விலை கொடுத்தார்கள். கூலிக்காரர்களுக்கு எதுவும் இல்லை. ஒரு நாள் கம்பெனி ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கியபோது மேஸ்திரி எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் எதிரே நின்றார்.

"நெலம் அவங்களுது சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த நெலத்துல குனிஞ்ச முதுகு எங்களுது. முதுகுக்கு இன்னா தர்றீங்க?"

ஆபீசர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டார். "ஷெட் எழும்பட்டும். முதல்ல ஆள் எடுக்கறப்போ உங்க பேட்டைக்குத்தான் சொல்லி அனுப்புவேன். ஆனா முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்" என்றார்.

"எனுக்கு முப்பத்தஞ்சுதான் சார். முடி மட்டும் வெயில்ல நரைச்சிப் போச்சி."

எல்லோரும் சிரித்தோம். அவருடைய உண்மையான வயது வேதக்கார அம்மாவுக்குத் தெரியும். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆபீசர் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தார். "சரி, உங்களுக்கு முப்பத்தஞ்சு. நான் இருக்கற வரைக்கும் முப்பத்தஞ்சு" என்றார்.

அந்த வார்த்தையை மேஸ்திரி விடவில்லை. அவருக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்பது எங்களுக்குத் தெரியும். மூட்டை தூக்கினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். அவருக்குக் கழுத்துக்குக் கீழே எலும்பு தேய்ந்து, காலையில் எழுந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் கூட்ஸ் ஷெட்டுக்குப் போவார். "கம்பெனியில பெர்மனென்ட்னு பூந்துட்டா, ஒடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரி, லீவு எல்லாம் இருக்குதாம்டா. இந்தத் தோளு இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும். இந்த ஆபீசரு இருக்கறப்பவே பூந்துடணும்" என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது மீசை முளைத்த வயசு. அவர் கூட்டத்திலேயே அதிக மூட்டை தூக்குகிறவன். அதனால் என்மேல் அவருக்குப் பிரியம்.

கம்பெனியில் பேட்டைக்கு வேலை உண்டு என்று ஆபீசர் வாயால் வந்துவிட்டதல்லவா, மேஸ்திரி நேராகக் கோயிலுக்குப் போனார். இந்த வருஷம் கரகம் நான் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். மகள் போன பிறகு கோயில் படியே மிதிக்காமல் இருந்தவர். பேட்டைக்கு வேலை வந்ததும்தான் அவருக்கு அம்மன்மேல் இருந்த கோபம் இறங்கியது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு, கையில் காப்பு. பம்பை அடங்கி எல்லோரும் கூழுக்கு உட்கார்ந்த நேரத்தில் கம்பெனி ஜீப் டிரைவர் டீக்கடைக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்குக் காலைல ஆள் எடுக்கறாங்க. ஆபீசர் சொல்லி அனுப்பினாரு. பத்து மணிக்கு ஷெட்டாண்ட வந்துடுங்க."

எல்லோரும் கூழை விட்டுவிட்டு மேஸ்திரி கையில் இருந்த காப்பைப் பார்த்தார்கள்.

அக்காதான் முதலில் எழுந்தார். பூசாரி முன்னால் போய் நின்று கையை நீட்டினார்.

"மாமா, அத்தக் கழட்டி எனுக்குக் கட்டு. கரகத்த நான் சொமக்கறேன். அவுரு போவட்டும்."

"அம்மன் பேர்ல கட்டினத அவுக்க எனுக்கு அதிகாரம் இல்ல கண்ணு."

"கட்டறதுக்கு மட்டும் இருந்துச்சா?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். அந்த அம்மை வருஷத்தை அவரும் பார்த்திருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. "இதோ இருக்குது ஷெட்டு. இங்கருந்து கூப்புட்டா காது கேக்கும். போய்ட்டு உடனே வந்துட்டா இன்னா?" என்று அத்தனை பெரியவர்களுக்கு முன்னாலும் கேட்டேன். அந்த வயதில் அப்படி எழுந்து பேசுகிற துணிச்சல் பேட்டையில் வேறு யாருக்கும் கிடையாது. பதில் பூசாரி சொல்லவில்லை. மேஸ்திரிதான் சொன்னார்.

"நீ குந்துடா. அன்னிக்கு அவனத் தொரத்தனது யாரு? நான். அவன் பொண்டாட்டி கால்ல வுழுந்தா, அப்பவும் உடல. இன்னிக்கு நான் தாண்டிட்டு வந்து, நாளைக்கு எவ புள்ள மேலயாவது ஒரு கொப்புளம் வந்துச்சின்னு வெச்சிக்க, அவ மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது?"

"அம்ம ஊசிதான் போட்டுட்டாங்களே எல்லாருக்கும்" என்றார் அக்கா.

"ஊசி ஒடம்புக்குதான் போட்டாங்க. என் மூஞ்சிக்கு யாரு போடறது?"

கூட்டத்தில் ஓரமாக வேதக்கார அம்மாவும் நின்றிருந்தார். கூழுக்குக் குண்டான் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் வருவார். அவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அந்த மனுஷர் இருந்த இருப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்களையெல்லாம் கேட்டாண்டை வரிசையாக நிறுத்தினார். தலை வாரியிருக்கிறோமா, நகம் வெட்டியிருக்கிறோமா என்று பார்த்தார்.

"கையக் கட்டிகினு நிக்காதீங்கடா, பண்ணையார் ஊட்டு வாசல்ல நிக்கற மாரி. தொங்கப் போடு. இன்னா தெரியும்னு கேட்டா எல்லாந் தெரியும்னு சொல்லாதீங்க. சொல்லிக் குடுத்தா கத்துக்குவோம்னு சொல்லுங்க. நாஷ்டா துன்னீங்களா எல்லாரும்? எவனாவது மயக்கம் போட்டு வுழுந்தா பேட்டைக்கே பேஜாராயிடும்."

எனக்குச் சட்டை முதுகில் கிழிந்திருந்தது. அக்கா வீட்டுக்குள் போய் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து என் மேல் போட்டார். மேஸ்திரிக்காக வெளுத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்த சட்டை. "போட்டுக்கினு போ. அவுருதான் சாமியாராயிட்டாரே" என்றார். மேஸ்திரி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

நாங்கள் கேட்டைத் தாண்டினோம். அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றார்.

ஷெட்டில் ஆபீசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஒரு சுருளை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நான் தனியாகத் தூக்கினேன். என்ன தெரியும் என்று கேட்டார். மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது வாயில் வரவில்லை. "எல்லாந் தெரியும் சார்" என்றேன். எடுத்துக்கொண்டார்கள். பேட்டையிலிருந்து போனவர்களில் பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைத்தது.

வேலை கிடைத்த கையோடு ஆபீசரிடம் நின்று பேசியவன் நான் ஒருவன்தான். "சார், எங்க மேஸ்திரி வர முடியல. காப்புக் கட்டியிருக்காரு. கேட்டாண்ட நிக்கறாரு, நீங்க வந்து பாத்தா போதும்" என்றேன். பக்கத்தில் இருந்த கிளார்க்குக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் வர மாட்டாராம், ஆபீசர் போகணுமாம்" என்றார். ஆபீசர் அவரைக் கையமர்த்திவிட்டு ஜீப்பில் ஏறினார். என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் ஜீப்பில் ஏறியது அதுதான் முதல் தடவை.

கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போன பிறகு பார்த்தால் அந்தப் பக்கம் பேட்டை மொத்தமும் கூடியிருக்கிறது. முன்னால் மஞ்சள் வேட்டியோடு மேஸ்திரி. ஆபீசர் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி அவரிடமே போனார். பேட்டைக்காரர்கள் வழி விட்டார்கள்.

"என்னங்க, உங்க ஆளுங்களையெல்லாம் அனுப்பிட்டு நீங்க இங்க நிக்கறீங்க?"

"சாமி விசயம் சார். திருவிழா முடியற வரைக்கும் தாண்டக் கூடாது. தப்பா நெனைக்காதீங்க."

"நான் என்ன நெனைக்கறது. ஆனா அங்க வந்து வேலை செஞ்சு காட்டணும், டாக்டர் பாக்கணும். இங்க நின்னுகிட்டு எடுத்தேன்னு எழுத முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. திருவிழா முடிஞ்ச மறுநாள் வாங்க. உங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன்."

மேஸ்திரி காப்புக் கையையும் வெறுங்கையையும் சேர்த்துக் கும்பிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காகூட, "அம்மா கண்ணத் தொறந்துட்டா" என்றார்.

அந்த வருஷத் திருவிழாவைப் போல அதற்கு முன்னும் பின்னும் பேட்டை பார்த்ததில்லை. சைக்கிள் கடைக்காரர் எங்கிருந்தோ மைக் செட் கொண்டுவந்தார். மேஸ்திரி கரகத்தைத் தலையில் வைத்து, கையை விட்டுவிட்டு, பம்பைக்கு அடி தப்பாமல் ஆடி வந்தார். தோள் வலிக்கிறது என்று ஒத்தடம் கேட்ட ஆள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் மேஸ்திரி, நான் திருப்பிக் கொடுத்திருந்த அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தார். நான் உள்ளே வேலையில் இருந்தேன். ஆபீசர் அறைக்கு வெளியே அவர் நிற்பதைப் பார்த்ததும் கை வேலையை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் வந்து நின்றேன். ஏனென்றால் எங்கள் ஆபீசரை அதற்கு முன்னாலேயே மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே இருந்தவர் புதியவர். எனக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. திருவிழா நடுவில் எப்படிச் சொல்வது என்று நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நல்ல ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சொல்லிவிட்டுப் போனாரோ இல்லையோ. புதியவர் மேஸ்திரியை ஒரு தரம் பார்த்தார்.

"வயசு என்ன?"

"முப்பத்தஞ்சு சார்."

புதியவர் சிரிக்கவில்லை. "போய்யா" என்றும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். "பெரியவரே, பெர்மனென்ட்ல இப்ப இடம் இல்லை. கான்ட்ராக்ட்ல லோடிங் இருக்கு. வேணும்னா அங்க போய்ப் பாருங்க."

மேஸ்திரி வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, "பெரியவரேன்னுட்டான்டா" என்று மட்டும் சொன்னார். அப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது முகத்தில்.

கான்ட்ராக்டுக்குத்தான் போனார். வேறு என்ன செய்வது? கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிய தோள் கம்பெனி வாசலில் கம்பிச் சுருள் தூக்கியது. காம்பவுண்டுக்கு வெளியே லாரி நிற்கும் இடத்தில்தான் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை. உள்ளே கான்டீனில் நாங்கள் தட்டு வைத்துச் சாப்பிடும்போது அவர் வெளியே லாரி நிழலில் தூக்குச் சட்டியைத் திறப்பார். நான் வெளியே போய் அவரோடு உட்கார்ந்தால் விரட்டுவார். "உள்ள போடா. ஒன்ன உள்ள அனுப்பறதுக்கு நான் எவ்ளோ கத்தனேன்."

அடுத்த ஆடி வந்தது. அதற்குள் பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் கம்பெனியில் இருந்தார்கள். பூசாரி மகனும் சேர்ந்திருந்தான். ஷிப்ட் என்று ஒன்று இருக்கிறதே, அது அம்மனுக்கும் பேட்டைக்கும் தெரியாத சங்கதி. விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வர முடியாது. இரண்டாம் ஷிப்ட்காரன் அப்போதுதான் வேலைக்கே போவான். லீவு போட்டால் வேலை போய்விடும். கோயில் முன்னால் கூடிக் கத்திக்கொண்டார்கள். திருவிழாவையே நிறுத்திவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

மேஸ்திரி எழுந்தார். "எல்லை அந்தக் கேட்டுன்னு யாரு சொன்னது? அத்தத் தள்ளி வெச்சா இன்னா?" என்றார்.

"எல்லைய இஷ்டத்துக்குத் தள்ள முடியுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

அப்போது வேதக்கார அம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து பேசினார். கோயில் விஷயத்தில் அவர் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"தள்ள வேணாம். என்னப் பெத்த ஆத்தா சொல்லும். ரயிலு கேட்டு வர்றதுக்கு முன்னாடி உங்க எல்ல அந்தப் பக்கம் பனந்தோப்பு வரைக்கும் இருந்துச்சாம். கேட்டப் போட்டதும், சாமி தூக்கிகினு தண்டவாளத்தத் தாண்டறது பேஜாருன்னு இங்கியே நிறுத்திக்கினாங்களாம்."

பனந்தோப்பு கம்பெனிக்கும் அப்பால் இருந்தது. அப்படியென்றால் வயல்கள், ஷெட், கம்பெனி எல்லாம் எங்கள் அம்மனின் பழைய எல்லைக்குள். முந்தின வருஷம் அந்தத் திங்கட்கிழமை மேஸ்திரி கேட்டைத் தாண்டிப் போயிருந்தால் எதையும் தாண்டியிருக்க மாட்டார்.

பூசாரிக்கு இது ஞாபகம் வந்தது. "ஆமா, எங்க அப்பாகூட ஒரு தடவ சொன்னாரு" என்று இழுத்தார்.

அக்கா அவரைப் பார்த்தார். "போன வருசம் இந்த ஞாபகம் எங்க போச்சி மாமா? ஒன் புள்ள உள்ள போன அப்பறம்தான் வருதா?"

அக்கா அந்த அம்மாவிடம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது. "நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா. அன்னிக்கு நீயும் இங்கதான நின்னுகினு இருந்த?"

"நின்னுகினுதான் இருந்தேன். வேதக்காரி சொன்னான்னு தாண்டிட்டு, அப்பறம் எதுனா ஒரு புள்ளைக்கு ஆச்சின்னா, அது எம்மேலதான வந்து வுழும்? நாளைக்கு எந்த ஊட்டுக்குள்ள நான் போறது?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதுவுமில்லாம, என்னிய யாரும் கேக்கல."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அம்மன் எல்லையை வேதக்கார அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? அவருக்குத்தான் பேட்டையின் எல்லா வீட்டுக் கதையும் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். பிள்ளை பிறந்தால் கூப்பிடுவோம். வேறு எதற்கும் கேட்டதில்லை. நான் பெரிய சாமர்த்தியசாலி என்று பெயர் எடுத்தவன், எனக்கும் தோன்றவில்லை. தொழிலில் நான் எத்தனையோ சிக்கலை அவிழ்த்திருக்கிறேன். இந்த ஒரு முடிச்சை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மேஸ்திரி யாரையும் குறை சொல்லவில்லை. "சரி, ஆனது ஆச்சி. பம்பைய எடுங்கடா. பனந்தோப்பு வரைக்கும் போய்க் கட்டிட்டு வந்துடலாம்" என்றார்.

அந்த வருஷம் எல்லை கட்டப் போனபோது மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி முன்னால் நடந்தவர் அவர்தான். பம்பை கேட்டைத் தாண்டியது. கம்பெனி காம்பவுண்டை ஒட்டி வேப்பிலையால் தெளித்துக்கொண்டே வந்தார். நான் முதல் ஷிப்டில் இருந்தேன். சத்தம் கேட்டுக் கம்பி வேலிப் பக்கம் ஓடினேன். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாடா வேடிக்க? வேலையப் பாரு. இனிமே நீ எந்த ஷிப்ட்ல நின்னாலும் ஆத்தா எல்லைக்குள்ளதான் நிக்கற."

"நீங்க இந்தப் பக்கம் வாங்கண்ணா, வாட்ச்மேன்கிட்ட சொல்றேன். உள்ளயும் தெளிச்சிட்டுப் போங்க."

"வேணாம்டா. உள்ளதான் நீங்கள்லாம் இருக்கீங்களே." வேலிக்கு மேலாக என் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆடியில் ராத்திரியும் பகலும் எங்கள் ஆட்கள் கேட்டைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். பேட்டையில் ஒரு குழந்தைக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. ஆவணி பிறந்ததும் பெண்கள் குழாயடியில் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். "பாத்தியா, யாருக்கும் ஒண்ணும் ஆவல. எல்லையில ஒண்ணும் கொற இல்ல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் அத்தனை நிம்மதி. மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தால் அவரிடமும் சொல்வார்கள். சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொல்வார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, கம்பெனிக்கு லாரி வந்துவிட்டதா என்று கூட இருக்கிற என்னிடம் கேட்பார்.